மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் அருகே பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு வரிசையில் எங்களுக்கு வேலை வழியிலான இபி-2 பிரிவு, வரிசையில் எங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி 2017. கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது, 21 ஆனதும் அந்த விசா முடிந்துவிடும். 2025 மே மாதம், இந்தியாவுக்கு அனுப்பும் பணத்துக்கு 5 சதவீத வரி வரப்போகிறது, ஜூலை 4-க்குள் அனுப்பிவிட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அப்போது தென்காசியில் மாமியார் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். லிண்டல் மட்டம் வரைதான் வந்திருந்தது. பதறிப்போன கணவர், ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கிலிருந்து 40,000 டாலர் எடுத்து மொத்தமாக அனுப்பிவிட்டார். பிறகு அந்த வரி எங்களுக்கு இல்லை என்றார்கள். இப்போது, கிரீன் கார்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் இருக்கும் உச்சவரம்பை நீக்கும் மசோதா வந்துவிட்டதாக இன்னொரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பி, மகளுக்கு எஃப்-1 மாணவர் விசா வாங்கும் ஏற்பாட்டைத் தள்ளிப்போடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த மசோதாக்களை எங்களைப் போன்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? எளிய மொழியில் வரும் விளக்கங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்-1 ஏற்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு மசோதா அறிமுகமாகியிருப்பதால், இந்த நாட்டில் உங்கள் மகள் தங்கும் உரிமை ஒரு நாள்கூட நீளாது. உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன், உங்கள் கணவரும் படிக்கட்டும்.

பணம் அனுப்பிய விஷயத்தைப் பார்ப்போம். அந்த வரி உண்மையாகவே வந்திருந்தால்கூட, 40,000 டாலருக்கு 5 சதவீதம் என்பது 2,000 டாலர். ஐம்பத்தொன்பதரை வயது நிரம்பாதவர் ஐஆர்ஏ கணக்கிலிருந்து பணம் எடுத்தால், விதிவிலக்கு எதுவும் பொருந்தாதபோது, வருமான வரிக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் வரி உண்டு. உங்கள் தொகைக்கு அது 4,000 டாலர். வராத 2,000-க்குப் பயந்து 4,000 போயிருக்கிறது. புண்ணைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மே மாதத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்களில் ஒருவர் நகையை அடகு வைத்திருந்தார், இன்னொருவர் கிரெடிட் கார்டில் கடன் எடுத்திருந்தார். எல்லோர் கையிலும் ஒரே செய்தி இருந்தது. மசோதாவின் ஒரு வரிகூட ஒருவர் கையிலும் இல்லை.

அந்த மசோதா எச்.ஆர்.1. அது நடந்துவந்த பாதையைப் பாருங்கள். 2025 மே 12 அன்று, கீழவையான பிரதிநிதிகள் சபையில் வரி விவகாரங்களைக் கவனிக்கும் குழுவின் வரைவு வெளியானது. குடிமக்கள் அல்லாதவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மீது 5 சதவீத வரி என்று அதில் இருந்தது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் அதில் அடக்கம். பத்தே நாளில், மே 22 அன்று, சபை 215-க்கு 214 என்ற வாக்குகளில் நிறைவேற்றியபோது 5 என்பது 3.5 ஆகிவிட்டது. மேலவையான செனட்டுக்குப் போனதும் வீதம் 1 சதவீதமாக இறங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம், யாருக்கு வரி என்பதே தலைகீழானது. ஜூலை 1 அன்று செனட்டில் ஐம்பதுக்கு ஐம்பது என்று நின்று, துணை அதிபரின் வாக்கால் மசோதா நிறைவேறியது. ஜூலை 3 அன்று மீண்டும் சபையில் 218-க்கு 214. மறுநாள் அதிபர் கையெழுத்திட்டார்.

இறுதியில் சட்டமானது இதுதான்: குடிமகன், குடிமகன் அல்லாதவர் என்ற பேதம் இல்லை. ரொக்கமாகவோ, மணி ஆர்டராகவோ, காசோலை வகையில் வங்கியே எழுதித்தரும் கேஷியர்ஸ் செக்காகவோ கொடுத்து அனுப்பும் பணத்துக்கு மட்டும் 1 சதவீதம். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினாலும், இங்கே வழங்கப்பட்ட டெபிட் அல்லது கிரெடிட் கார்டால் அனுப்பினாலும் வரி கிடையாது. உங்கள் கணவர் வங்கிக் கணக்கிலிருந்துதான் அனுப்பியிருப்பார். அவருக்கு இந்த வரி பூஜ்யம்.

ஜூலை 4 எங்கிருந்து வந்தது? மசோதாவை முடித்து அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பிவிட ஆளுங்கட்சித் தலைவர்கள் வைத்துக்கொண்ட இலக்குத் தேதி அது. வரி தொடங்கும் தேதி அந்தப் பிரிவின் கடைசியில் தனியாக எழுதப்பட்டிருந்தது. 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு நடக்கும் பணப் பரிமாற்றங்களுக்கே இது பொருந்தும் என்று ஒரு வாக்கியம். சபை நிறைவேற்றிய வடிவத்திலும் அந்தத் தேதிதான், சட்டத்திலும் அதே தேதிதான். அந்த ஒரு வாக்கியத்தை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தால், மே மாதத்தில் ஏழு மாதம் அவகாசம் இருப்பது தெரிந்திருக்கும். செனட் என்ன செய்கிறது என்று பொறுத்துப் பார்த்திருப்பீர்கள்.

அதனால்தான் மசோதாவைக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்கிறேன். எந்த மசோதா வந்தாலும் முதலில் ‘நடைமுறைக்கு வரும் தேதி’ என்ற பிரிவைத் தேடுங்கள். முழு மசோதாவின் முடிவில் இருக்கலாம், அந்தந்தப் பிரிவின் முடிவிலும் இருக்கலாம். அடுத்ததாக, சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவு. ‘அனுப்புபவர்’ என்றால் யார், ‘பரிமாற்றம்’ என்றால் எது என்று அங்கேதான் இருக்கும். நாம் அன்றாடம் பேசும் பொருளில் அந்தச் சொல் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த இரண்டையும் பார்த்த பிறகு முன்பக்கத்துக்குப் போங்கள். எனக்குத் தெரிந்து மசோதா பற்றிப் பரவும் பீதியில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களிலேயே அடங்கிவிடும்.

ஆனால் படிக்க வேண்டுமானால் முதலில் மசோதா கையில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தேன். ஒன்பது வரிகள், நான்கு ஆச்சரியக்குறிகள், மசோதா எண் மட்டும் இல்லை. எண் இல்லாத மசோதாச் செய்தியை எனக்கு யார் அனுப்பினாலும் நான் அதற்கு மேல் படிப்பதில்லை. பிரதிநிதிகள் சபையில் தொடங்கும் மசோதாவுக்கு எச்.ஆர். என்றும், செனட்டில் தொடங்குவதற்கு எஸ். என்றும் முன்னெழுத்து உண்டு. எச்.ரெஸ். என்று தொடங்கினால் அது சபை தனக்குள் நிறைவேற்றிக்கொள்ளும் தீர்மானம், சட்டமாகவே ஆகாது. எண் கிடைத்தால், காங்கிரஸ் நூலகம் நடத்தும் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் இட்டால் போதும். காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம். யார் கொண்டுவந்தார், எந்தக் குழுவில் கிடக்கிறது, கடைசியாக என்ன நடந்தது என்று எல்லாம் வரும்.

கடைசியாக நடந்தது எது என்பதைப் பாருங்கள். பெரும்பாலான மசோதாக்களில் அந்த வரி ‘குழுவுக்கு அனுப்பப்பட்டது’ என்றுதான் இருக்கும். அதோடு சரி. ஒரு மசோதாவை அறிமுகப்படுத்த ஓர் உறுப்பினர் நினைத்தால் போதும். பிரதிநிதிகள் சபையில் எழுத்தரின் மேசையருகே ஒரு மரப்பெட்டி இருக்கிறது, அதில் போட்டுவிட்டால் அறிமுகம் ஆகிவிட்டது. இப்படி ஒவ்வொரு இரண்டாண்டு காங்கிரஸிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் வருகின்றன. சட்டமாவது சில நூறு. இரண்டாண்டு முடிந்தால், முடியாமல் நிற்கிற அத்தனையும் செத்துப்போகும். அடுத்த காங்கிரஸில் புது எண்ணோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போதைய 119-ஆவது காங்கிரஸ் 2027 ஜனவரி 3 அன்று முடிகிறது.

உங்கள் வீட்டு விஷயமான நாட்டு உச்சவரம்புக்கு வருகிறேன். இதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பலருக்காக வேதனைப்பட்டும் இருக்கிறேன்.

குடியேற்றச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு, ஓர் ஆண்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் விசா எண்கள், அதாவது கிரீன் கார்டுக்கான இடங்கள், போகக் கூடாது என்கிறது. குடும்ப வழியில் குறைந்தது 2,26,000, வேலை வழியில் 1,40,000, இரண்டும் சேர்ந்த 3,66,000-இல் 7 சதவீதம் என்றால் 25,620. இந்தியாவுக்கும் அதே 25,620 தான், ஐஸ்லாந்துக்கும் அதே 25,620 தான். உங்கள் வரிசை நகராமல் நிற்பதற்குக் காரணம் இந்த ஒரு பிரிவு.

இதை மாற்ற 2019-இல் வந்த மசோதா எச்.ஆர்.1044. அதில் அந்தப் பிரிவைத் திருத்தும் வரிகளைத் தமிழில் தருகிறேன், நிதானமாகப் படியுங்கள்: ‘203-ஆம் பிரிவின் (ஏ), (பி) உட்பிரிவுகள்’ என்பதை நீக்கி ‘203(ஏ) பிரிவு’ என்று சேர்க்க வேண்டும். ‘7’ என்பதை நீக்கி ‘15’ என்று சேர்க்க வேண்டும்.

எதாவது புரிகிறதா? முதல் முறை படிப்பவர் கண்ணில் படுவது 7 போய் 15 வருவதுதான். ‘இந்தியர்களுக்கான ஒதுக்கீடு 15 சதவீதமாக உயர்கிறது’ என்று அன்று ஒரு விளக்கம் சுற்றியது. மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவரேகூட இப்படித் தவறலாம். உண்மையில் உங்களுக்கான விஷயம் அந்த எண்ணில் இல்லை, அதற்கு முந்தைய வரியில் இருந்தது. 203-இன் (ஏ) உட்பிரிவு குடும்ப வழி விசா, (பி) உட்பிரிவு வேலை வழி விசா. ‘(ஏ), (பி)’ என்று இருந்த இடத்தில் ‘(ஏ)’ மட்டும் நின்றால், உச்சவரம்பு குடும்ப வழிக்கு மட்டுமே பொருந்தும். வேலை வழிக்கு உச்சவரம்பே இல்லாமல் போகும். 15 என்பது அண்ணன் தம்பிக்கும் மணமான பிள்ளைகளுக்கும் மனுப் போட்டுக் காத்திருப்பவர்களுக்கான எண். ஒரே ஓர் எழுத்து அடிபட்டதில் லட்சக்கணக்கான குடும்பங்களின் காத்திருப்பு அடங்கியிருந்தது.

அமெரிக்க மசோதாக்கள் படிக்கக் கடினமாக இருப்பது இதனால்தான். பெரும்பாலானவை தனியாக நின்று பொருள் தருவதில்லை. ஏற்கெனவே இருக்கிற சட்டத்தின் மீது ‘இதை அடி, அதை எழுது’ என்று சொல்லும் குறிப்புகள் அவை. பழைய சட்டத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலால் அடித்து, புதுச் சொல்லை மேலே எழுதி, பிறகு முழு வாக்கியத்தையும் ஒரு முறை உரக்கப் படிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நான் அப்படித்தான் செய்கிறேன், திரையில் அல்ல, காகிதத்தில். நீங்களும் செய்யலாம். வாக்கியம் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பில் வாக்கியத்தைப் பிரித்து எழுவாய், பயனிலை கண்டுபிடித்தவர்கள்தானே நாமெல்லாம். யார், என்ன செய்ய வேண்டும், எப்போது என்ற மூன்றையும் கோடிட்டுவிட்டால் மீதி எல்லாம் அடைமொழிதான்.

நம் ஊரில் நாடாளுமன்றத்தில் வைக்கும் மசோதாவோடு, அதை ஏன் கொண்டுவருகிறோம் என்ற நோக்கக் காரண விளக்கம் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். அது ஆளுகிறவர்களின் குரல் என்றாலும் படிப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும். இங்கே அறிமுகமாகும் மசோதாவில் அப்படி எதுவும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அரசு அலுவலகங்கள் மக்களுக்கு எழுதுவதைத் தெளிவான மொழியில் எழுத வேண்டும் என்று 2010-இல் ஒரு சட்டமே போட்டார்கள். வரி விண்ணப்பம், சலுகை அறிவிப்பு போன்றவற்றை அது கட்டுப்படுத்தும். காங்கிரஸ் எழுதும் மசோதாவைக் கட்டுப்படுத்தாது. அது பெரிய குறை என்பது என் கருத்து. ஒரு குடும்பத்தின் பத்தாண்டுகளைத் தீர்மானிக்கும் ஏட்டை அந்தக் குடும்பம் படிக்க முடிய வேண்டும்.

எச்.ஆர்.1044-க்கு என்ன ஆனது? 2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. இரண்டு கட்சியினரும் வாக்களித்தார்கள். அடுத்த நாள் காலை நான் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தம்பதி மைசூர்பாகுப் பெட்டியோடு நின்றிருந்தார்கள். ‘பாஸாகிவிட்டது’ என்றார் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது. அவர்களுக்குக் கனடாவில் நிரந்தரமாகக் குடியேற அழைப்பு வந்திருந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ‘இனி எதற்கு?’ என்று கேட்டார்கள். ஒரு சபைதான் நிறைவேற்றியிருக்கிறது, செனட் பாக்கி இருக்கிறது, கனடாவை விடாதீர்கள் என்று சொன்னேன். அந்த மகிழ்ச்சியின் நடுவே அதை ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் விட்டுவிட்டார்கள்.

செனட்டில் இதே நோக்கத்தோடு எஸ்.386 என்ற மசோதா இருந்தது. ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தால் திருத்தம், மற்றொருவர் ஆட்சேபித்தால் இன்னொரு திருத்தம் என்று மாறிக்கொண்டே போய், 2020 டிசம்பர் 2 அன்று ஒருமனதாக நிறைவேறியது. மறுபடியும் இனிப்பு, மறுபடியும் போன்கள். ஆனால் செனட்டில் நிறைவேறிய மசோதாவும் சபையில் நிறைவேறிய மசோதாவும் வேறு வேறு. ஒரே வாசகத்தை இரண்டு சபைகளும் நிறைவேற்றினால்தான் அதிபரிடம் போகும். ஒரு மாதம்தான் மீதி இருந்தது. 2021 ஜனவரி 3 அன்று அந்தக் காங்கிரஸ் முடிந்தது, இரண்டு மசோதாக்களும் அதோடு முடிந்தன. இரண்டு சபைகளிலும் ‘பாஸான’ ஒன்று சட்டமாகவில்லை என்பதை இன்றைக்கும் பலரால் நம்ப முடியவில்லை.

அதற்கு முன்பு 2011 நவம்பரிலும் இதே நோக்கமுள்ள எச்.ஆர்.3012 சபையில் 389-க்கு 15 என்று நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. அதற்குப் பின்பு 2022 டிசம்பரில் எச்.ஆர்.3648 சபையில் வாக்கெடுப்புக்கு வருவதாக இருந்தது. வெள்ளை மாளிகை ஆதரவு தெரிவித்திருந்தும், கடைசி நேரத்தில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த வரலாற்றை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். மாற்றம் வராது என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் 389 வாக்கு வாங்கியதே வராமல் போன இடத்தில், குழுவுக்கு அனுப்பப்பட்டிருக்கும் ஒன்றின் மேல் பெண்ணின் படிப்பை ஏற்றி வைக்கக் கூடாது.

எளிய விளக்கங்களை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். யார் எழுதியது, எந்த வடிவத்துக்கு எழுதியது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு நம்புங்கள். காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் மசோதாவோடு ஒரு சுருக்கம் இருக்கும். அதை எழுதுபவர்கள் காங்கிரஸ் ஆய்வுச் சேவையைச் சேர்ந்தவர்கள். 1914-இல் தொடங்கி இரண்டு கட்சிகளுக்கும் பொதுவாக வேலை செய்யும் அமைப்பு அது. நல்லது கெட்டது சொல்ல மாட்டார்கள், என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான். ஆனால் அதன் மேலே சிறிய எழுத்தில் எந்த வடிவத்துக்கான சுருக்கம் என்று போட்டிருப்பார்கள். அறிமுகமானபோது எழுதிய சுருக்கம் அப்படியே இருக்கும், மசோதா நான்கு திருத்தம் கண்டிருக்கும். 2025 மே மாதத்துச் செய்தியும் இந்த வகைதான். 5 சதவீதம் என்றது மே 12 அன்று பொய்யல்ல. மே 22 அன்று அது பழைய செய்தி. உங்கள் கைக்கு அது ஜூனில் வந்திருந்தாலும் யாரும் தேதி போட்டு அனுப்பவில்லை.

மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் அலுவலகம் ஒரு பக்க விளக்கம் வெளியிடும். அது அவர் விரும்புவதைச் சொல்லும். தேதி, நிபந்தனை, விதிவிலக்கு அதில் கிடைக்காது. பணம் சம்பந்தப்பட்ட மசோதா என்றால் காங்கிரஸ் வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீட்டைப் படியுங்கள். எத்தனை பேரைப் பாதிக்கும், எந்த ஆண்டில் தொடங்கும் என்பது அதில் பச்சையாகத் தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. கேளுங்கள், தவறில்லை. ஆனால் மசோதாவின் வாசகத்தை நீங்களே எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் பிரிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பிரிவைத் திறந்து பார்க்காமல் ஒரு டாலரையும் நகர்த்த வேண்டாம்.

மசோதாவின் பெயரை மட்டும் எதற்கும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். எச்.ஆர்.1044-இன் பெயரில் ‘நியாயம்’ என்ற சொல் இருந்தது. எச்.ஆர்.3648-இன் பெயரை முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘கழுகு’ என்று வரும்படி வைத்தார்கள். ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ என்று ஊரே அழைக்கும் அந்த எச்.ஆர்.1, சட்டமானபோது அந்தப் பெயர் அதில் இல்லை. செனட்டில் சிறுபான்மைத் தலைவர் சக் ஷூமர் எழுப்பிய விதிமுறை ஆட்சேபத்தால் பெயர்ப் பிரிவு நீக்கப்பட்டது. பொதுச் சட்டம் 119-21 என்பதே அதன் அடையாளம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மசோதாக்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இது தவறிப்போகும். உங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையில் அண்மையில் வந்த சில பெரிய மாற்றங்கள் மசோதா வழியாக வரவே இல்லை. 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று வந்தது அதிபரின் பிரகடனம். காங்கிரஸ் எதையும் நிறைவேற்றவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல், பிள்ளைகளின் வயதைக் கணக்கிட மாதாந்திர விசா அறிக்கையின் இரண்டு அட்டவணைகளில் எதைப் பார்ப்பது என்பதைக் குடியேற்றத் துறை தன் கொள்கைக் கையேட்டில் மாற்றிக்கொண்டது. நாள் தள்ளி வரும் இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணையை மட்டும்தான் இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது மாற்றம் உங்கள் மகளை நேராகத் தொடுவது. இதற்கு எந்த வாட்ஸ்அப் செய்தியும் உங்களுக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மகளின் கணக்கைப் போடுவோம். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதிலிருந்து, கிரீன் கார்டுக்காக வேலை தரும் நிறுவனம் போட்ட ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்க வேண்டும். கழித்தால் 21-க்குக் கீழே வந்தால்தான் பெற்றோருடன் கிரீன் கார்டு கிடைக்கும். உங்கள் ஐ-140 எத்தனை நாள் நிலுவையில் இருந்தது? கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக வாங்கியிருந்தால், கழிப்பதற்கு இரண்டு மூன்று வாரம்கூட இராது. 2017 தேதிக்கு இரண்டு ஆண்டுக்குள் எண் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு திட்டமிட உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை. எனவே, அவளுக்கு 21 ஆகும் நாளில் எச்-4 முடிகிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கல்லூரியிலிருந்து, மாணவர் சேர்க்கையைக் காட்டும் ஐ-20 படிவம் வாங்க வேண்டும். இங்கிருந்தபடியே விசா நிலையை மாற்றுவதா, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய் வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். இங்கிருந்து என்றால் ஐ-539 விண்ணப்பம் எச்-4 செல்லுபடியாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். முடிவு வரப் பல மாதம் பிடிக்கலாம். மாணவர் விசாவுக்குப் படிப்பு முடிந்ததும் திரும்புவேன் என்று காட்ட வேண்டும், குடும்பமோ கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறது. இந்த முரணை எப்படி எழுதுவது என்பதற்கு அனுபவமுள்ள வழக்கறிஞரின் உதவி வேண்டும். இதை அரைகுறையாகச் செய்யாதீர்கள். எஃப்-1 வாங்கியதால் பிற்பாடு சட்டம் மாறினால் அவளுக்கு வரக்கூடிய நன்மை போய்விடுமோ என்று கணவர் அஞ்சுவாரானால், அஞ்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். விசா எண் உரிய வயதுக்குள் கிடைத்தால், எஃப்-1 மாணவியாக இருக்கும் பெண்ணும் பெற்றோரின் வழியாக விண்ணப்பிக்கலாம்.

ஐஆர்ஏ பணத்தை 2025-ஆம் ஆண்டு வரிக் கணக்கில் காட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வங்கி அனுப்பிய 1099-ஆர் படிவத்தை எடுத்துக்கொண்டு கணக்காளரிடம் போய், கூடுதல் வரிக்கான விதிவிலக்குகளில் ஏதாவது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் கேட்காமல் கட்ட வேண்டாம்.

உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் டாலஸ் பகுதி அலுவலகத்துக்கும் ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் தொகுதியில் வசிப்பவர் என்ற முறையில் பதில் சொல்வார்கள். ‘இந்த எண்ணுள்ள மசோதா எந்தக் குழுவில் இருக்கிறது, விசாரணைக்குத் தேதி வைத்திருக்கிறார்களா, உறுப்பினர் இதை ஆதரிக்கிறாரா’ என்று கேளுங்கள். உங்கள் பெண்ணின் வயதையும் சொல்லுங்கள், இப்படிப்பட்ட அழைப்புகளைக் குறித்து வைப்பார்கள்.

அதற்கு எண் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், அதன் கடைசிப் பக்கத்தை நானும் எடுத்து வைத்துக்கொண்டு உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.